நன்றி நோட்டில் எழுத ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு எப்படி?

பள்ளத்தூர் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தினமும் படுக்கப் போகும் முன் நன்றி சொல்வதற்கு மூன்று விஷயம் எழுதணுமாம். அவள் ஆபீஸில் எல்லோரும் எழுதுகிறார்களாம். சரி என்று ஆரம்பித்தேன். முதல் நாள் மழை, காபி, கால்வலி இல்லை. மறுநாள் காபி, நல்ல வெயில், கால்வலி இல்லை. இப்போது முந்தின பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டுப் பெரிய வீடு, ஆறு பங்கு. பங்காளிகள் எல்லோரும் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். இருப்பது நானும் மாமியாரும். முகப்புக் கதவைத் திறந்து, திண்ணையைக் கூட்டி, வளவு முற்றத்தில் புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவி முடிக்கவே ஒன்பது மணி ஆகிறது. மாமியாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, ராத்திரியில் எழுப்பாத நாள் கிடையாது. முன்பெல்லாம் ரவிக்கைக்கு ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசிப் பூத்தையல், செய்வேன். சட்டத்தில் துணி மாட்டி வெகுநாளாகிறது. வீட்டைப் பார்க்க வரும் டூரிஸ்ட்டுகள் பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்கிறார்கள். இருக்கலாம். எனக்குத்தான் அப்படித் தோன்றமாட்டேன் என்கிறது.

உங்களுக்கெல்லாம் அன்றாடத்தில் உற்சாகம் எங்கிருந்து வருகிறது? பொன்மொழி வேண்டாம், அது வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது.

செஞ்சை தம்பி:
ஆச்சி, நான் உளவியல் படிக்கிறேன். 'தினமும்' என்பதில்தான் சிக்கல். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் 10 வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு தடவை எழுதினார்கள். சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு 6 வாரம் பார்த்ததில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. மூன்று விஷயம் என்பது மார்ட்டின் செலிக்மன் குழு 2005-ல் வெளியிட்ட பயிற்சி. அது ஒரே ஒரு வாரத்துக்குத்தான். அதோடு, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுதணும். உங்கள் மகள் அந்த 'ஏன்' என்பதை விட்டுவிட்டார் போல.

ஆத்தங்குடிப் பூக்கல்:
வணக்கம் ஆச்சி. நான் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிறவன். கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சில் சாயச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டுவோம். பூவின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருக்கும். எங்களுக்குத் தெரிவது முதுகுதான். சூளையில் சுடுகிற வேலை கிடையாது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து, கண்ணாடியைப் பிரிக்கும்போது பளபளவென்று வரும். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நேரத்தில் பக்கத்துப் பட்டறைக்காரன்கூட எட்டிப் பார்ப்பான். மற்ற நேரத்தில் என் உற்சாகம் டீக்கடையில்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ஒன்று சொல்லலாமா? ஆரிச் சட்டத்தை உள்ளே வைக்காதீர்கள். பட்டாலைக் கூடத்தில் கண்ணில் படுகிற இடத்தில் துணி மாட்டியே வையுங்கள். போகும்போது வரும்போது ஒரு இதழ். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் துணிதான் பழுப்பேறும்.

பழைய பேரேடு:
அம்மா, தம்பி சொன்ன அந்த 'ஏன்' இருக்கிறதே, அதை நான் 'யார்' என்று கேட்பேன். எங்கள் அப்பச்சி பினாங்கில் ஒரு வட்டிக்கடைக் கிட்டங்கியில் அடுத்தாளாக, மேலாளுக்கு உதவியாக, இருந்து ஊர் திரும்பியவர். பேர் இல்லாமல் ஒரு வரவு எழுத விடமாட்டார். வெறுமனே 'வரவு ரூபாய் பத்து' என்று எழுதினால் நோட்டு என் மடிக்குத் திரும்பி வரும். "காசு தானாக நடந்து வந்ததா?" என்பார்.

உங்கள் நோட்டில் காபி என்று இருக்கிறது. பால் யார் கொண்டுவந்தது? மழையிலும் வந்தாரா? அதை எழுதுங்கள். பேரை எழுதியதுமே மறுநாள் அதே வரியை எழுத முடியாது, கை கூசும்.

என் கல்யாண மொய் நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் சமையலுக்கு வந்தவர் ஒருவர் இரண்டு ரூபாய் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவருக்கு ஒரு நாள் கூலியே அதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அவர் பேரன் வீட்டு விசேஷத்துக்கு நான் போகாமல் இருக்க முடியுமா?

போன வருஷம் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எழுதுகிறேன். இந்த வாரத்து இரண்டு வரி: 'எதிர்வீட்டுப் பையன். சொட்டு மருந்து விட்டான், கிரிக்கெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து.' 'லைன்மேன். தூறலில் கம்பம் ஏறினார். டீ கேட்டேன், வேண்டாம் என்றார், மோர் குடித்தார்.' கண்ணாடி போட்டும் என் எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஒன்றில் மட்டும் அப்பச்சி வழி எனக்கு ஒத்துவராது. அவர் கொடுத்துத் தீர்த்ததும் கோடு போட்டுக் கணக்கை முடிப்பார். நான் கோடு போடுவதில்லை. மோர் கொடுத்தால் கம்பம் ஏறியது நேராகிவிடுமா?

கண்டனூர் ஆச்சி:
ஆம்பிளைகள் எல்லோரும் நோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அவள் ராத்திரி தூங்கவில்லை என்று எழுதியிருப்பது யார் கண்ணிலும் படவில்லையா? தங்கச்சி, உனக்கு நன்றி இல்லாமல் இல்லை, தூக்கம்தான் இல்லை. என் ஆத்தா படுக்கையில் இருந்தபோது நானும் இப்படித்தான் எரிந்து எரிந்து விழுந்தேன். ராத்திரிக்கு மட்டும் ஒரு பெண்ணை வைத்தோம், பத்தே நாளில் எனக்கு நாக்கில் ருசி திரும்பியது. வெள்ளைப் பணியாரம் சுட்டு, வரமிளகாய்ச் சட்னி அரைத்து, நானே உட்கார்ந்து தின்றேன். ஆறு பங்கு என்கிறாய், வேலை மட்டும் உன் ஒருத்தி பங்கிலா? முதலில் அதைக் கேள்.

பள்ளத்தூர் மருமகள்:
ஆச்சி, படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

பேரேடு ஐயா, பால் கொண்டுவருகிற அம்மாவின் பேர் எனக்குத் தெரியாது என்பது உங்கள் கேள்வியில்தான் உறைத்தது. 'பாலு' என்று குரல் வரும், சொம்பை நீட்டுவேன், அவ்வளவுதான். இன்று கேட்டுவிட்டேன். என் நாத்தனார் பேரேதான். வெள்ளிக்கிழமைக் கணக்கில் முதல் வரி அவர்தான்.

பூக்கல் அண்ணே, சட்டம் பட்டாலைக்கு வந்துவிட்டது. மாமியார் அதற்குள், "இதென்ன வழியில்?" என்று கேட்டாயிற்று.

கண்டனூர் ஆச்சி, ராத்திரிக்கு வருகிற பெண் அந்தப் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு நம்மதா என்பதையும். பங்காளிகள் குரூப்பில் இன்றைக்கே ஆறாகப் பிரித்துப் போடப்போகிறேன்.