எம்பயர் ஸ்டேட் பில்டிங்: பெரியவர்களோடு குழுவாகப் போக ஒரு மணி நேரம் போதுமா?

செம்பூர் அக்கா:
வணக்கம். செம்பூர், மாட்டுங்கா தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பதினெட்டுப் பேர் அக்டோபரில் நியூயார்க் போகிறோம். பாதிப் பேருக்கு அறுபதுக்கு மேல் வயசு, ஒரு மாமிக்குச் சக்கர நாற்காலி. எம்பயர் ஸ்டேட் பில்டிங்குக்கு டூர்காரர் ஒரு மணி நேரம்தான் போட்டிருக்கார். "மேலே போய் போட்டோ எடுத்துட்டு இறங்கிடலாம்"ங்கறார். அங்கே மியூசியமும் இருக்காமே? 86ஆம் மாடி போதுமா, 102 வரைக்கும் போகணுமா?

முலுண்ட் லிஃப்ட்காரர்:
அக்கா, மும்பையில் லிஃப்ட் மாட்டுற வேலை பார்த்து ரிடையர் ஆனவன் நான். மகள் ஜெர்சி சிட்டியில் இருக்கிறதால அங்கே போயிருக்கேன். ஒரு மணி நேரம் பத்தவே பத்தாது, இரண்டரை மணி நேரம் கேளுங்க.

மியூசியம் இரண்டாம் மாடியில். அதுக்குத் தனி டிக்கெட் இல்லை, மேலே போற வழியிலேயே இருக்கு. டூர்காரங்க ஆட்களை அங்கே நிற்க விடாம விரட்டுறதுதான் எனக்கு வருத்தம். இந்தக் கட்டடத்தை 1930 மார்ச்சில் வேலை தொடங்கி 1931 மே 1 அன்று திறந்துட்டாங்க. வாரத்துக்கு நாலரை மாடி வேகத்தில் ஏத்தியிருக்காங்க. சில நாள் 3,400 பேர் வேலை பார்த்திருக்காங்க. அந்தத் தொழிலாளிகளுக்கு ஆளுயரச் சிலை இருக்கு, அதுங்க பக்கத்தில் நின்னு போட்டோ எடுங்க.

மியூசியத்தில் லிஃப்டுக்குன்னே ஒரு பகுதி உண்டு. 1945 ஜூலை 28, மூடுபனியில் பி-25 ராணுவ விமானம் 79ஆம் மாடியில் மோதி 14 பேர் இறந்தாங்க. பெட்டி லூ ஆலிவர்னு லிஃப்ட் ஓட்டுற பெண், லிஃப்டோடு 75 மாடி கீழே விழுந்தும் பிழைச்சாங்க. லிஃப்ட் வேகம் மீறினா பிரேக்கைப் பிடிக்க வைக்கிற கவர்னர் ரோப்பும் அறுந்ததால சேஃப்டி பிரேக் பிடிக்கலை. அறுந்த ரோப்பெல்லாம் அடியில் குழிக்குள் சுருண்டு கிடந்து மெத்தை மாதிரி தாங்கியிருக்கு. எங்க தொழிலில் இருக்கிறவங்க இதைக் கேட்டா கண்ணு கலங்கிடும்.

86 போதும் அக்கா. திறந்தவெளி, நாலு பக்கமும் நடக்கலாம், மாமியின் நாற்காலிக்குச் சரிவுப் பாதை இருக்கு. அந்தத் தளம் 1,050 அடி உயரம். வடகிழக்கே தெரியுற கிரைஸ்லர் பில்டிங்கின் கூர்முனை 1,046 அடி. அதை நாலே அடியில்தான் ஜெயிக்கிறோம்னு கட்டினவங்க கவலைப்பட்டுத்தான் உச்சியில் கோபுரம் சேர்த்தாங்க. ஆகாயக் கப்பலை, அதாவது ஆட்களை ஏத்திப் போற பெரிய வாயு பலூனை, அங்கே கட்டி நிறுத்தலாம்னு சொன்னாங்க, காத்து விடலை. 102ஆம் மாடி அந்தக் கோபுரத்தில்தான், சுத்திலும் கண்ணாடி. அதுக்குத் தனிக் காசு.

தானே தம்பி:
அண்ணன் சொன்னது சரி. பார்வையாளர் வாசல் 34ஆம் தெருப் பக்கம். டிக்கெட்டில் நேரம் குறிச்சிருக்கும், சூரியன் மறையுற நேரத்துக்குக் கூடுதல் கட்டணம். 62 வயசுக்கு மேல் சலுகை உண்டு, வயசு காட்ட பாஸ்போர்ட்டைக் கையில் வச்சுக்குங்க. கண்ணாடி பாட்டில், கேமரா ஸ்டாண்டு உள்ளே விடமாட்டாங்க. பை வைக்க லாக்கர் கிடையாது, பெரிய பையை ஹோட்டலிலேயே விட்டுடுங்க.

செம்பூர் அக்கா:
ரொம்ப நன்றி. டூர்காரரிடம் பேசிட்டேன், முணுமுணுத்துக்கிட்டே இரண்டரை மணி நேரத்துக்குச் சம்மதிச்சுட்டார். அங்கே குளிர் எப்படி அண்ணா? மாமிக்கு மூட்டுவலி.

முலுண்ட் லிஃப்ட்காரர்:
கீழே வெயில் அடிச்சாலும் 86இல் குளிர்காத்து பலமா அடிக்கும். ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் கட்டாயம். 80ஆம் மாடியில் இறங்கி வேற லிஃப்டுக்கு மாறணும், அங்கேயும் ஜன்னல் வழியா ஊர் நல்லாத் தெரியும். குளிர் தாங்காதவங்க அங்கேயே ஆற அமரப் பார்க்கட்டும்.