50 வரை மளமளவென்று சொல்கிறாள், 8 சோழியை எண்ணினால் தப்பு வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பாம்பன் கரை (கேள்வி):
மகளுக்கு 5 வயது, யுகேஜி. தமிழிலும் இங்கிலீஷிலும் 50 வரை ஒப்பித்துவிடுகிறாள். ஆனால் தரையில் 8 சோழியைப் போட்டு எண்ணச் சொன்னால் ஒரு தடவை 7, இன்னொரு தடவை 10. எண்ணி முடித்ததும் "அப்போ எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். எழுதும்போது 3, 7 இரண்டும் இடவலம் திரும்பி வருகின்றன. 13 எழுதச் சொன்னால் 31. பள்ளியில் 100 வரை எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். தினம் அரை மணி நேரம் உட்கார முடியும். விலைக்கு எதுவும் வாங்காமல், வீட்டில் இருப்பதை வைத்து எப்படிச் சொல்லித்தருவது?

ஓலைக்கொட்டான்:
அக்கா, 100 வரை எழுதுவதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிச் சிக்கல் இருக்கிறது. 7, 10 என்று மாறி வருவது வாயும் விரலும் சேர்ந்து போகாததால். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடாததால்.

முதலாவதற்கு இரண்டு கொட்டான் (சின்ன ஓலைப்பெட்டி), கொஞ்சம் புளியங்கொட்டை போதும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடட்டும். கொட்டை விழும் அந்த நேரத்தில்தான் எண்ணைச் சொல்ல வேண்டும், முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. 5 கொட்டையில் ஆரம்பியுங்கள். மூன்று நாள் தவறாமல் வந்தால் 6, அப்புறம் 7. இடம் மாற்றி வைத்து எண்ணுவது சரியாக வந்தபின் தரையில் வரிசையாக, அதன்பின் சிதறலாக. வட்டமாக வைப்பதுதான் கடினம், எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிடும். அங்கே முதல் கொட்டைக்குப் பதில் ஒரு சோழியை வைத்துவிடுங்கள்.

இரண்டாவதற்கு: எண்ணி முடித்த உடனே கொட்டைகளைத் துணியால் மூடிவிட்டு "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். மூடியிருப்பதை மறுபடி எண்ண முடியாது, கடைசி எண்ணைத்தான் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் நீங்களே கையை மேலே ஒரு சுற்றுச் சுற்றி "மொத்தம் ஆறு" என்று சொல்லிக் காட்டுங்கள்.

உண்மையான சோதனை "6 கொட்டை எடுத்துட்டு வா" என்பதுதான். இருப்பதை எண்ணுவதைவிட இது கடினம், ஏனென்றால் 6 வந்ததும் நிறுத்தத் தெரிய வேண்டும். 50 வரை ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இதில் கைப்பிடி நிறைய அள்ளி வருவார்கள். அரை மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணி உள்ளே வையுங்கள். தொண்டையில் சிக்கும்.

தங்கச்சிமடம் வாத்தியார்:
மேலே சொன்னதோடு பல்லாங்குழியையும் சேருங்கள். 14 குழி, குழிக்கு 5 காய் என்றால் 70 காய் ஆகிவிடும், இந்த வயதுக்கு அதிகம். ஆளுக்கு 3 குழி, குழிக்கு 2 காய் போதும். குழியில் 4 சேர்ந்தால் 'பசு' என்று எடுப்போம் அல்லவா, அதில்தான் பலன். நாலை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளக் கண் பழகுகிறது. பின்னால் 6 என்பதை 4ம் 2ம் என்று பார்ப்பதற்கு அந்தப் பழக்கம்தான் அடிப்படை.

முட்டை அட்டையையும் எறிந்துவிடாதீர்கள். 30 முட்டை அட்டையில் 5 குழியாக 6 வரிசை இருக்கும். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் மூன்று பத்துக்குழி அட்டை. மேல் வரிசை நிறைந்த பிறகுதான் கீழ் வரிசை. 7 போட்டால் மேலே 5, கீழே 2, காலி 3. "இன்னும் எத்தனை போட்டா பத்து?" என்று தினமும் கேளுங்கள்.

மீன் வாங்கி வந்தால் ஆய்வதற்கு முன் 3 பெரிய விளைமீனையும் 7 சின்னச் சூடை மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது அதிகம் என்றால் பெரிய மீனைக் காட்டுவாள். தப்பு அவளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "எதில் மீன் எண்ணிக்கை கூட?", "எது கனம்?" என்று பிரித்துக் கேளுங்கள். பாலத்தில் போகும் ரயில் பெட்டியை எண்ணுவது பிறகு இருக்கட்டும். ஓடுகிற பொருளைத் தொட முடியாது, திரும்பிப் போய்ச் சரிபார்க்கவும் முடியாது.

இன்னொன்று, எண்ணுவதற்காகக் கரையில் பவளத் துண்டு பொறுக்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் வருகிறது.

ஈர்க்குச்சி:
13, 31 குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இங்கிலீஷ் பெயர். 'தர்ட்டீன்' என்பதில் மூன்று முதலில் காதில் விழுகிறது, அதையே முதலில் எழுதுகிறாள். பதிமூன்றில் பத்து முதலில் வருகிறது, எழுதும் வரிசையும் அதுதான். அதனால் தமிழில் சொல்லி எழுதவிடுங்கள். 10 ஈர்க்குச்சியை அவளே எண்ணி ரப்பர் பேண்டு போடட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருப்பதை நம்ப மாட்டாள். ஒரு கட்டு, மூன்று உதிரி: 13. மூன்று கட்டு, ஒரு உதிரி: 31. இரண்டையும் அருகருகே வையுங்கள்.

3, 7 திரும்புவது இந்த வயதில் சாதாரணம், 7 வயதுவரைகூடச் சிலருக்கு இருக்கும். அழி ரப்பர் எடுக்காதீர்கள். தண்ணீர் வற்றிய நேரம் ஈர மணலில் விரலால் முழங்கை நீளத்துக்கு எழுதவிடுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு சிப்பி. இரண்டு எண்ணுமே இடது மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் போகின்றன.

பாம்பன் கரை:
ரொம்ப நன்றி. கூட்டல், கழித்தல் எப்போது ஆரம்பிக்கலாம்?

ஓலைக்கொட்டான்:
கேட்டபடி 10 கொட்டை சரியாக எடுத்து வரத் தொடங்கியதும். + குறி இப்போது வேண்டாம். 5 கொட்டையை அவள் கண்முன் எண்ணி வைத்து, சிலதைச் சிரட்டையால் மூடுங்கள். வெளியே 3 இருந்தால் உள்ளே எத்தனை? அவள் சொன்ன பிறகு சிரட்டையை அவளே தூக்கிப் பார்க்கட்டும். 5ல் எல்லா ஜோடியும் (4ம் 1ம், 3ம் 2ம் என்று) சரளமாக வந்தபின்தான் 6.