புதுப்பிப்பு: புறாக்கூடும் அரிப்பும்

ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னால் புறாக்கூடு, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வீட்டில் எனக்கு மட்டும் அரிப்பு என்று முன்பு எழுதியிருந்தேன். சிரங்கா என்று பலர் கேட்டீர்கள். இல்லை, பறவைச் சிற்றுண்ணி (பறவைகளின் ரத்தம் குடிக்கும் மிகச்சிறிய உயிரி) என்றார் தோல் மருத்துவர். சிரங்குப் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். பறவைச் சிற்றுண்ணியோ கடித்துவிட்டுப் போய்விடும். மனித ரத்தத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த அதனால் முடியாது.

சரி, எனக்கு மட்டும் ஏன்? அரிப்பைக் கிளப்புவது அதன் எச்சில். அதிலுள்ள புரதங்களை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகப் பார்க்கிறது. ஐஜிஇ எனும் ஒவ்வாமை எதிர்ப்பான்கள் வழியாக, தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் அரிப்பூட்டும் ஹிஸ்டமினைக் கொட்டினால் சில நிமிடங்களில் தடிப்பு. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் நிதானமாக வருபவை. ஓரிரு நாள் கழித்துத்தான் கெட்டியான சிவப்புப் பரு. அதனால் எந்த இரவு கடித்தது என்று துப்பறிவதில் பயனில்லை. என் வீட்டுக்காரரையும் கடித்திருக்கலாம், அவர் உடம்பு கண்டுகொள்ளவில்லை. கொடுத்துவைத்தவர்!

செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீராய்டு களிம்பும் அரிப்பை அடக்கின. ஆனால் புதிய கடிகள் நின்றது கூட்டை அகற்றி இடுக்குகளைச் சுத்தம் செய்த பிறகுதான். காலிக்கூடுதானே என்று விடாதீர்கள். பறவைச் சிற்றுண்ணிகளில் ஒரு வகையான சிவப்புக் கோழிச் சிற்றுண்ணி இரையில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். அப்புறம், முகக்கவசம் போட்டுக்கொண்டு எடுங்கள், புறா எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பால்கனிக்கு வலை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம்.