ஸ்காபரோவில பனிப்புயல் நேரம் அம்மா அப்பா தனிய வீட்டில இருக்க வேண்டி வந்தால்?

வெள்ளவத்தை_வாசி:

வணக்கம். அம்மாவும் (68) அப்பாவும் (73) சனவரி முதல் கிழமை கனடாவில, ரொறன்ரோவின்ர ஸ்காபரோவில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகினம். டோகா வழியா ரிக்கற். ஏப்ரல் மட்டும் அங்கதான். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் வேலை, அத்தான் லொறி ஓடுறவர். பனிப்புயல் எண்டாலும் அக்கா வேலைக்குப் போகத்தான் வேணும், அத்தான் எங்கையாவது ஹைவேயில மாட்டுப்பட்டுப்போவார். அதனால அம்மாவும் அப்பாவும் ஒரு நாள், ஒன்றரை நாள் தனிய இருக்க வேண்டி வரும்.

அப்பாவுக்கு இதயக் குழாயில ஸ்டென்ட் வைச்சிருக்கு, இன்சுலினும் போடுறவர். ஆனால் சும்மா இருக்கமாட்டார். "பனியை நான் அள்ளிவிடுறன், பிள்ளை வேலையால வந்து கஷ்டப்படக் கூடாது" எண்டு இப்பவே சொல்லுறார். அம்மா வெளியில போறதெண்டால் சீலைதான்.

புயலுக்கு முதல் நாள் என்ன செய்து வைக்க வேணும்? புயல் நேரம் எதைத் தொடக் கூடாது? கொழும்பில இருந்து என்ன வாங்கிக்கொண்டு போகலாம்? பயணமே புயலில மாட்டினால் என்ன வழி? தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

வீட்டுப்_பராமரிப்பு:

முதலில் அப்பாவின் கையில் சவள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு கார் நிற்கிற டிரைவே 6 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 6 கன மீற்றர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீற்றருக்குச் சுமார் 100 கிலோ, ஈரப்பனி என்றால் இரண்டு மூன்று மடங்கு. ஆகக் குறைந்தது 600 கிலோவைக் குனிந்து, தூக்கி, திரும்பி எறிய வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவதும் சேர்ந்தால் இதயத்துக்குத் திடீரென்று பெரிய வேலை. பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது அங்கே ஒவ்வொரு விண்டரிலும் நடக்கிற விஷயம். ஸ்டென்ட் வைத்தவருக்கு இதில் "கொஞ்சமாக அள்ளலாம்" என்ற கணக்கே இல்லை. அக்காவை இப்பவே சீசனுக்குக் காசு கட்டி ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

டிரைவே வாயில் பனி வழிக்கிற வண்டி தள்ளிவிட்டுப் போகும் கட்டி மேடுதான் எல்லாவற்றிலும் மோசம். வீதி உப்பும் சேறும் கலந்து இறுகி, மற்றப் பனியைவிடப் பல மடங்கு பாரமாக இருக்கும். ஸ்காபரோவில் பெரும்பாலான தெருக்களில் நகரசபையே பிறகு வந்து அதில் ஒரு வழி திறந்து விடும். உடனே வராது, ஆனால் வரும். அதைப் பார்த்து அப்பா அவசரப்பட வேண்டாம். நாள் கணக்காகியும் வரவில்லை என்றால் அக்கா நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துக் கேட்கலாம்.

அடுத்தது ஃபேர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்குகிற இயந்திரத்தின் குழாய். இதைத்தான் ஊரிலிருந்து போகிறவர்கள் அறியாமல் இருக்கிறார்கள். புதிய வகை ஃபேர்னஸ்களுக்குப் புகைபோக்கி கூரையில் இல்லை. வீட்டுப் பக்கச் சுவரில், நிலத்திலிருந்து ஓரிரு அடி உயரத்தில், வெள்ளை பிளாஸ்ரிக் குழாய் இரண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையைத் தள்ளும். காற்று பனியைச் சுவரோடு குவித்து அந்த வாயை மூடினால் ஃபேர்னஸ் தானாக நின்று வீடு குளிரும். கெட்ட நேரம் என்றால் கார்பன் மொனொக்சைட் உள்ளே திரும்பும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த முதல் கிழமையே அக்கா அந்தக் குழாயைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் புகைவாய், கேஸ் மீற்றர் இரண்டையும் கூடவே காட்டட்டும். மீற்றரில் பனி ஏறினால் தும்புத்தடியால் மெல்லத் தட்ட வேண்டும், சவளால் இடிக்கக் கூடாது. புயல் நேரம் குழாயைப் போய்ப் பார்ப்பது ஓரளவு சுகமாக நடக்கக்கூடிய அம்மாவின் வேலை, அதுவும் காற்று அடங்கின இடைவெளியில் மட்டும்.

கரண்ட் போனால் கேஸ் ஃபேர்னஸும் நிற்கும். விசிறிக்கும் பற்றவைப்புக்கும் கரண்ட் வேண்டும். அப்போது ஒரு சின்ன அறையைத் தேர்ந்து, கதவை மூடி, அடி இடுக்கில் துவாயைச் சுருட்டி வைத்து இரண்டு பேரும் அதற்குள் இருக்க வேண்டும். கேஸ் அடுப்பில் சமைக்கலாம், சூடு பிடிக்க எரிய விடக் கூடாது. நேரம் போய் உள்ளே நன்றாகக் குளிரத் தொடங்கினால் வெளிச்சுவரோடு ஒட்டிய தண்ணீர்க் குழாய்களைத் திறந்து நூல் போல் ஒழுக விடுங்கள், சிங்குக்குக் கீழே அலுமாரிக் கதவுகளையும் திறந்து விடுங்கள். குழாய் வெடித்தால் மூட வேண்டிய பிரதான வால்வு பெரும்பாலும் பேஸ்மென்ற்றின் முன்சுவரில் இருக்கும். அதையும் முன்கூட்டியே காட்டி வைக்க வேண்டும்.

முதல் நாள் சேர்க்க வேண்டியது அதிகமில்லை: ஆளுக்கு நாளுக்கு 2 லீற்றர் தண்ணீர், மூன்று நாளைக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடியது, ரோச் லைற், போனுக்கு பவர் பேங்க். மெழுகுதிரி வேண்டாம். பிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் 4 மணித்தியாலம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் 48 மணித்தியாலம்.

ரிக்கற்_மேசை:

பயணப் பகுதியை நான் சொல்கிறேன். கொழும்பு–டோகா–ரொறன்ரோ முழுவதும் ஒரே முன்பதிவு இலக்கத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரே ரிக்கற் என்றால் புயலால் இரண்டாவது விமானம் தவறிப்போனாலும் அடுத்ததில் ஏற்றுவது விமானக் கம்பனியின் பொறுப்பு. மலிவு என்று இரண்டு தனி ரிக்கற்றாக எடுத்திருந்தால் இடையில் தவறும் விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

கனடாவுக்குப் போகிற, அங்கிருந்து புறப்படுகிற எல்லா விமானங்களுக்கும் கனடாவின் பயணி பாதுகாப்பு விதிகள் பொருந்தும், கம்பனி எந்த நாட்டுடையது என்றாலும். பனிப்புயல் அவர்கள் கையில் இல்லாத காரணம் என்பதால் நட்டஈடு கிடையாது. அந்த விதிப்படி ஹோட்டலும் சாப்பாடும் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் வேறு விமானத்தில் இடம் தர முடியாவிட்டால், காசைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. கம்பனி தருகிற மாற்று விமானத்தை ஏற்பதற்கு முன் எங்கே, எத்தனை மணிநேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். இடையில் இரண்டு மாறல் வைத்த வழியை வயது போனவர்கள் ஏற்க வேண்டாம்.

சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் பதியுங்கள். நடக்கக்கூடியவர்களுக்கும் இது நல்லது. விமானங்கள் இடம் மாறுகிற நாளில் உதவிக்கு ஒரு ஆள் கூட நிற்பார்.

தடித்த கோட்டும் தொப்பியும் கைப்பையோடு போகட்டும். பெட்டி பின்னால் வருகிற நாளில் டெர்மினல் வாசலிலேயே குளிர் பிடிக்கும்.

மருந்தாளர்_கொட்டாஞ்சேனை:

குளிசையும் இன்சுலினும் முழுக்கக் கைப்பையில். பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைய வாய்ப்பு உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகிப் பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் பாவிக்கக் கூடாது, வீச வேண்டியதுதான். அங்கே போன பிறகும் இதே கவனம்: காரில் விட்டுவிட்டு கடைக்குள் போகக் கூடாது, கரண்ட் போன நேரம் "வெளியில் குளிர்தானே" என்று பனிக்குள் வைக்கக் கூடாது. பாவனையில் உள்ள இன்சுலின் பேனா அறை வெப்பத்தில் பெரும்பாலும் 28 நாள் தாங்கும், மிச்சத்தைப் பிரிட்ஜில் மேல்தட்டுக்கும் பின்சுவருக்கும் முட்டாமல் வையுங்கள். சுகர் பார்க்கிற மெஷினும் குளிர் கூடினால் பிழையாகக் காட்டலாம் அல்லது வேலை செய்யாமல் விடலாம்.

இங்கே எழுதின மருந்துச் சீட்டுக்கு அங்கே பாமசியில் மருந்து தரமாட்டார்கள். கனடாவில் பதிவுள்ள வைத்தியர் எழுத வேண்டும். சொந்தப் பாவனைக்கு 90 நாளுக்கான மருந்து வரைதான் கனடாவுக்குள் கொண்டுபோகலாம், அந்த அளவுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் மருந்தின் பொதுப் பெயரோடு ஆங்கிலக் கடிதம் வாங்குங்கள், எங்களூர் வர்த்தகப் பெயர் அங்கே யாருக்கும் விளங்காது.

ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பார். அப்படியானவர் ஐஸில் விழுந்து தலை அடிபட்டால், காயம் சின்னதாக இருந்தாலும், எழும்பி நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைக்குள் இரத்தக்கசிவு சில மணித்தியாலம் கழித்தும் வெளிப்படும். இதை அம்மாவுக்குத் தனியாக எடுத்துச் சொல்லி வையுங்கள். அப்பா "ஒண்டுமில்லை" என்றுதான் சொல்வார்.

பம்பலப்பிட்டி_அக்கா:

உடுப்பைப் பற்றி. நுவரெலியாவுக்குப் போட்ட சுவெற்றரை எண்ணிக்கொண்டு போக வேண்டாம். அங்க குளிரைவிடக் காற்றுத்தான் கடிக்கும். காற்றோட சேர்த்துக் கணிக்கிற குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள்ள உறையத் தொடங்கும்.

கொழும்பில வாங்கக் கூடியது உள்ளுக்குப் போடுற தேர்மலும் ஃப்ளீஸும். ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சினது நல்ல விலைக்கு வரும். லேபிளைப் பாருங்கோ, பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடிச்சு வைச்சு உடம்பைக் குளிரப் பண்ணும். பொலியெஸ்ரர், இல்லாட்டிக் கம்பளி. கோட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்கினால் போதும். பூட்ஸை தடித்த மேஸ் போட்டுக்கொண்டே அளவு பார்க்க வேணும், இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் குளிரும். அப்பாவுக்கு நீரிழிவு எண்டபடியால் விரல் விறைச்சது தெரியாது, வெளியில போய் வந்தால் ஒவ்வொருக்காவும் மேஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கோ. விரல் பிரிஞ்ச கையுறையைவிட எல்லா விரலும் ஒண்டா இருக்கிறது சூடு.

அம்மாவின்ர சீலைக்குத் தடை இல்லை, ஆனால் காரில ஏறி கோயில் வாசலில இறங்குற பயணத்துக்கு மட்டும். உள்ளுக்குத் தேர்மல் கால்சட்டை, மேல முழங்காலுக்குக் கீழ வாற கோட், கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல நாலு விரல் தூக்கிக் கட்ட வேணும். கரை நனைஞ்சு உறைஞ்சால் படியில பூட்ஸுக்குக் கீழ அகப்படும். நடந்து போற நாளுக்கு பான்ற்ஸ்தான்.

புயல் முடிஞ்ச அடுத்த நாள்தான் ஆக்கள் கூட விழுறது. பகல் வெயிலில உருகின தண்ணி இரவில கண்ணாடி மாதிரி உறையும். படிக்கும் ஒரு சின்ன நடைபாதைக்கும் உப்புப் போட ஒரு கோப்பி மக் அளவு காணும். அள்ளிக் கொட்டினால் கொங்கிரீற்றும் பூக்கண்டும் பழுதாகும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பெரிசா வேலை செய்யாது, மணல் தூவினால் பிடிமானம் வரும்.

வெள்ளவத்தை_வாசி:

எல்லாருக்கும் நன்றி. குழாய் விஷயத்தை அக்காவிட்டச் சொன்னன், அவ இப்பத்தான் போய்ப் பார்த்து படம் அனுப்பினா, ஒரு பற்றை அதை மூடிக்கொண்டு நிக்குது. வெட்டச் சொல்லியாச்சு.

இன்னும் ரெண்டு கேள்வி. தைப்பொங்கல் அங்கதான். வெளியில பனி எண்டால் கராஜுக்குள்ள கேஸ் அடுப்பு வைச்சுப் பொங்கலாம் எண்டு அப்பா சொல்லுறார், கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சரிதானே எண்டு கேட்கிறார். மற்றது, இங்க இருந்து நான் புயலை எப்பிடிக் கவனிக்கிறது?

வீட்டுப்_பராமரிப்பு:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் வானிலைப் பக்கத்தில் ரொறன்ரோவை எடுத்து வையுங்கள். எச்சரிக்கைகள் அங்கே வரும். 12 மணித்தியாலத்தில் 15 சென்ரிமீற்றர் பனி என்றால் தெற்கு ஒன்ராறியோவில் எச்சரிக்கை விடுவதற்கான அளவு. விண்டரில் ரொறன்ரோ எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே நடு இரவு என்றால் கொழும்பில் காலை 10.30. ஆகவே அக்கா இரவு ஷிஃப்டில் இருக்கிற நேரம் நீங்கள் விழித்திருப்பீர்கள், அது பெரிய உதவி. 2022 சனவரி 17இல் வந்த புயலில் ரொறன்ரோவின் இரண்டு பெரிய விரைவு வீதிகளையே மூட வேண்டி வந்தது. அப்படியான நாளில் அக்கா வீட்டுக்கு வந்து சேருவது இரட்டை ஷிஃப்டுக்குப் பிறகுதான் என்று கணக்குப் போட்டு வையுங்கள்.

கராஜ் பொங்கல் வேண்டவே வேண்டாம். கதவைப் பாதி திறந்தாலும் போதாது. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு இடுக்கால் காற்று உள்ளே இழுபடும், வீட்டின் சூடான காற்று மேலே எழும்பும்போது கீழே இருந்து உறிஞ்சும். அடுப்பு எரிகிற நேரம் சின்னதென்று தோன்றும், ஆனால் பானை பொங்கி, சர்க்கரை போட்டு, இறக்கும் வரைக்கும் அது நிறைய நேரம். குசினி அடுப்பில் மேலுள்ள புகைவிசிறியை ஓட விட்டுப் பொங்குங்கள். வெளியில்தான் வேண்டும் என்றால் பனி வழித்த திறந்த இடத்தில், கதவு, யன்னல், அந்த வெள்ளைக் குழாய் எல்லாவற்றிலும் இருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வைக்கலாம். சிலிண்டரை முடிந்ததும் வெளியிலேயே விடுங்கள்.

படுக்கை அறைக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள், ஒன்ராறியோவில் அது சட்டப்படி இருக்க வேண்டியது. அதன் சத்தத்தை அம்மா அப்பாவுக்கு அழுத்திக் காட்ட வேண்டும். நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கீச்சு என்றால் பற்றரி முடிகிறது. நான்கு தரம் கத்தி, கொஞ்சம் விட்டு, மறுபடி நான்கு என்றால் வாயு. யன்னலைத் திறந்து யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் அவசர உதவி இலக்கமான 911க்கு அடிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி முன்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி, சாவியையும் அதே இடத்தில் தொங்க விடுங்கள். அங்கத்தைய கதவுகள் பல பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும், செருப்போடு எட்டிப் பார்க்கப் போய் வெளியில் மாட்டுப்படுகிறவர்கள் அதிகம்.