புதுப்பிப்பு: முதல் பைக்கை முடிவு செய்துவிட்டேன்

முதல் பைக்காக அப்பாச்சி ஆர்டிஆர் 160 4வி வாங்குவதா, யமஹா எம்டி-15 வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

எம்டி-15 வெறும் 155 சிசிதான். ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 7,400 சுற்றுகளை (ஆர்பிஎம்) தாண்டியதும் வால்வு இயக்கம் மாறி, சீறிக்கொண்டு கிளம்புகிறது. ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சீற்றம் இப்போது வேண்டாம்.

நெரிசலில் அப்பாச்சியின் கிளட்சை மெல்ல விட்டேன். ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே, அணைந்துபோகாமல் ஊர்ந்தது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து வலித்துக்கொண்டிருந்த இடது மணிக்கட்டுக்கு அப்பாடா என்றிருந்தது!

இருக்கை உயரம் அப்பாச்சியில் 800 மில்லிமீட்டர், எம்டியில் 810. அந்தப் பத்தில்தான் சிக்னலில் என் குதிகால் தரையில் பதிவதும் பதியாததும் இருக்கிறது.

அப்பாச்சிக்கே முன்பணம் கட்டிவிட்டேன். ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வண்டி வேண்டவே வேண்டாம் என்று அப்போது என்னைத் தடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி.