சாந்திநிகேதன் 'சந்தால் குடும்பம்' சிற்பம்: சரளை தெரிவது சிதைவா, செய்ததே அப்படியா?

நடைவழி:
மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனில், கலைக்கல்லூரியான கலாபவனத்தின் வளாகத்தில் ராம்கிங்கர் பைஜ் செய்த 'சந்தால் குடும்பம்' சிற்பத்தை முதன்முறையாக நேரில் பார்த்தேன். சந்தால் என்பது அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள். ஆளைவிடப் பெரிய உருவங்கள். தோளில் காவடித் தண்டோடு ஒருவர், கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே ஒரு நாய். நகரவே மனம் வரவில்லை. ஆனால் உடம்பு முழுக்கச் சரளைக்கல் துருத்திக்கொண்டிருக்கிறது. மழையில் மேல்பூச்சு கரைந்துவிட்டதா? திறந்தவெளிச் சிற்பம் என்கிறார்கள், மேலே கூரை போட்டிருக்கிறார்களே, அது எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்:
கரையவில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

உளிச்சத்தம்:
நானும் சிமெண்டில் சிற்பம் செய்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1938-ல் அவர் இதைச் செய்தபோது, களிமண்ணில் உருவம் பிடித்து அச்செடுத்து வார்க்கும் வழக்கமான வழிக்கே போகவில்லை. இரும்புக் கம்பியில் கூடு கட்டி நிறுத்தினார். சிமெண்டோடு அந்த ஊர்ச் செம்மண் சரளையைக் கலந்து, கை நிறைய அள்ளி, கூட்டின் மேல் அடித்து அடித்து ஏற்றினார். இது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கலவை தண்ணியாக இருந்தால் வழிந்து விழும், கெட்டியாக இருந்தால் கம்பியைப் பிடிக்காது. இறுகிவிட்டால் உளியால் கொத்தித்தான் திருத்த வேண்டும். முழங்காலையும் தோளையும் கிட்டே போய்ப் பாருங்கள், எறிந்த கையின் வேகம் அப்படியே தெரியும். மேலே வழவழப்பாகப் பூசியிருந்தால் அந்த நடையே செத்துப் போயிருக்கும்.

வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் பணம் வேண்டும், சரளை காலடியிலேயே கிடந்தது. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் பிழைப்புத் தேடி அந்த மண்ணில் நடந்த குடும்பத்தை அதே மண்ணை எடுத்துச் செய்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. பொது இடத்துச் சிலை என்றாலே உயர்ந்த பீடத்தில் அரசரோ அதிகாரியோ நின்ற காலம் அது. இந்தியாவின் முதல் நவீனப் பொதுவெளிச் சிற்பம் என்று பலர் இதைச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு.

கூரைக்கு வருவோம். சிக்கல் சிமெண்டில் இல்லை, உள்ளே இருக்கும் கம்பியில். நுண்ணிய விரிசல் வழியாக ஈரம் இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து நெம்ப, மேலே இருக்கும் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும். சொரசொரப்பான பரப்பில் தண்ணீர் தேங்கிப் பாசியும் பிடிக்கும். கூரை கண்ணை உறுத்துகிறது, வெயிலும் நிழலும் அந்த உருவங்கள் மேல் விளையாடுவதைக் கெடுக்கிறது. இருந்தும் அது இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். பழுதுபார்க்கிறேன் என்று யாராவது சிமெண்டைப் பூசி மெழுகிவிட்டால், அப்புறம் எதைக் காப்பாற்றுவது?

செம்மண்:
பக்கத்திலேயே இருக்கும் 'ஆலைச் சங்கு' சிற்பத்தைப் பார்த்தீர்களா? 1956-ல் செய்தது. சங்கு ஊதியதும் இரண்டு பெண்கள் வேலைக்கு ஓடுகிறார்கள், ஈரச் சேலை காற்றில் பறந்து காய்கிறது, பின்னாலேயே ஒரு குழந்தை. அத்தனை கனமான கலவையில் இவ்வளவு வேகம்!

நடைவழி:
பார்த்தேன், ஆனால் இந்த விவரம் தெரியாமல் பார்த்தேன். நன்றி. மரங்களுக்கு நடுவே ஒல்லியாக, உயரமாக ஒரு பெண் உருவம் நிற்கிறதே, அதுவும் அவருடையதா?

உளிச்சத்தம்:
அதுவும் அவருடையதுதான், 'சுஜாதை', 1935. அவருடைய ஆசிரியர், ஓவியர் நந்தலால் போஸ் சொன்ன பிறகுதான் தலையில் பாயசக் கலம் சேர்ந்தது, அதனால் புத்தருக்குப் பாயசம் கொடுத்த சுஜாதை ஆனாள். தைல மரங்களோடு மரமாக நிற்கும்படி உடலை நீட்டியிருக்கிறார். அதைப் பார்த்த தாகூர், இந்த இடம் முழுக்கச் சிற்பங்களால் நிரப்பு என்று ராம்கிங்கரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். சந்தால் குடும்பம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

மறுபடி போவதாக இருந்தால் ஒன்று. கலாபவனம் இருக்கும் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்குப் புதன்கிழமை வார விடுமுறை. உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.