மாவிளை வீட்டுக் குழுவில் குவைத் பேச்சு

ஞாயிறு

நான் (காலை 7:05): பாட்டா, வருகிற புதன் கல்லூரியில் எனக்கு செமினார். 1990இல் ஈராக் ஏன் குவைத்துக்குள் புகுந்தது என்பதுதான் தலைப்பு. புத்தகத்தில் "எண்ணெய்க்காக" என்று ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். நீங்கள் அப்போது அங்கேதானே இருந்தீர்கள்?

அத்தான் (7:11): குவைத்காரர்கள் பூமிக்குள் சாய்வாகத் துளை போட்டு ஈராக்கின் எண்ணெயை உறிஞ்சினார்கள். அதனால்தான் ஈராக் அதிபர் சதாம் அடித்தார். எனக்கு வந்த வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

பாட்டா (7:20): மக்களே, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.

பாட்டா (10:32): வந்துவிட்டேன். முதலில் அந்தத் துளை விஷயம். ருமைலா என்று ஒரு பெரிய எண்ணெய் வயல். பெரும்பகுதி ஈராக்கில், தெற்கு நுனி மட்டும் குவைத்துக்குள். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிணறு இரண்டு, ஊற்று ஒன்று என்றால் எப்படியோ அப்படி. 240 கோடி டாலர் எண்ணெயை எடுத்துவிட்டார்கள் என்று 1990 ஜூலையில் ஈராக் வெளியுறவு அமைச்சர் தாரிக் அசீஸ், அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்குக்குக் கடிதமே எழுதினார். அந்த வழக்கு இருந்தது உண்மை. ஆனால் கிணற்று வழக்குக்காக யாரும் பக்கத்து வீட்டையே பிடித்துக் குடியேற மாட்டார்கள். அதற்குப் பின்னால் கடன் இருந்தது.

நான் (10:34): யாருக்குக் கடன்?

பாட்டா (10:41): ஈராக்குக்கு. ஈரானோடு எட்டு வருஷம் போர், 1980இலிருந்து 1988 வரை. போர் முடிந்தபோது ஏறக்குறைய 8,000 கோடி டாலர் கடன். அதில் குவைத்துக்குத் தர வேண்டியது மட்டும் சுமார் 1,400 கோடி. "உங்களையும் காப்பாற்றத்தான் சண்டை போட்டோம், கடனைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று சதாம் கேட்டார். குவைத் சம்மதிக்கவில்லை.

சித்தி, குலசேகரம் (10:44): எண்ணெய் இருக்கிற நாடு விற்று அடைக்க வேண்டியதுதானே அப்பா?

பாட்டா (10:50): விலை விழுந்துவிட்டதே. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் விலை இறங்கும்போது உன் வீட்டுக் கணக்கு எப்படிப் புரளும்? அதேதான். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று அளவு வைத்திருந்தது. குவைத்தும் அமீரகமும் அதைத் தாண்டி எடுத்தன. 1990 தொடக்கத்தில் பீப்பாய் 20 டாலரை ஒட்டி இருந்தது, ஜூன் மாதம் 14 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு டாலர் குறைந்தால் எனக்கு வருஷத்துக்கு 100 கோடி டாலர் நஷ்டம், இதுவும் ஒரு போர்தான் என்று சதாம் பேசினார்.

அத்தான் (10:52): அப்போ அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது பாட்டா.

பாட்டா (10:58): குறை இருந்தது. ஆனால் இதையும் கவனி. ஜூலை கடைசி வாரம் ஜெனீவாவில் ஒபெக் கூடி, விலை இலக்கை 18 டாலரிலிருந்து 21 டாலருக்கு உயர்த்தியது. குவைத்தும் தன் அளவுக்குக் கட்டுப்படுகிறேன் என்றது. கேட்டதில் ஒரு பங்கு கையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, பட்டாளம் உள்ளே வந்துவிட்டது. விலைதான் காரணம் என்றால் நின்றிருக்க வேண்டும் அல்லவா? ஜித்தாவில் நடந்த பேச்சு ஆகஸ்ட் 1 அன்று முறிந்தது. மறுநாள் விடியும் முன்னே வந்துவிட்டார்கள். அத்தனை ஆயிரம் பேரும் டாங்கிகளும் ஒரே ராத்திரியில் எல்லைக்கு வந்து சேர முடியாது. ஜூலையிலேயே குவிந்தாயிற்று.

சின்ன மாமா, கப்பல் (11:06): துறைமுகத்தையும் சொல்லுங்கள் அப்பா. ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகம் பக்கம் நான் போயிருக்கிறேன். அவ்வளவு பெரிய நாட்டுக்குக் கடற்கரை 60 கிலோமீட்டர்கூட இல்லை. கப்பல் நுழைகிற வாய்க்கால் வாசலில் வர்பா, புபியான் இரண்டும் குவைத்தின் தீவுகள். பஸ்ராவுக்குப் போகிற ஷத் அல் அரப் ஆற்றில் போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல்கள் அடைத்துக் கிடந்தன. தீவுகளைக் குத்தகைக்காவது தா என்று ஈராக் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பாட்டா (11:09): சரியாகச் சொன்னாய் மக்களே. அதுவும் பெரிய காரணம்.

அத்தான் (11:13): குவைத் பழைய பஸ்ரா மாகாணத்தில் சேர்ந்தது, வெள்ளைக்காரன்தான் பிரித்தான் என்றும் அந்த வீடியோவில் இருந்தது.

பாட்டா (11:21): அது பழைய வாதம். 1961இல் குவைத் சுதந்திரம் பெற்ற ஒரு வாரத்திலேயே அப்போது ஈராக் பிரதமராக இருந்த காசிம் அதைச் சொன்னார். 1963இல் ஈராக்கே குவைத்தைத் தனி நாடாக ஏற்றுக்கொண்டது. 1990இல் மறுபடி தூசி தட்டி எடுத்து, ஆகஸ்ட் 28இல் 19ஆவது மாகாணம் என்று அறிவித்தார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள். 1956 நவம்பர் 1 வரை நாம் மலையாள ராஜ்யத்தோடுதான் இருந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது, சுற்றிலும் தமிழ்நாடு. பழைய ஆவணத்தை வைத்து எல்லை கேட்க ஆரம்பித்தால் தக்கலையில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

நான் (11:24): அமெரிக்கத் தூதர் பச்சைக்கொடி காட்டினார் என்கிறார்களே?

பாட்டா (11:29): ஜூலை 25இல் கிளாஸ்பி அம்மையார் சதாமைப் பார்த்தார். அரபு நாடுகளுக்குள் இருக்கிற எல்லைத் தகராறில் எங்களுக்குக் கருத்து இல்லை என்று அவர் பேசியதாக ஈராக் வெளியிட்ட குறிப்பில் இருக்கிறது. சதாம் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்திருக்கலாம். ஆனால் வேண்டும் என்ற எண்ணம் ஏற்கனவே பாக்தாதில் இருந்தது. அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அம்மா (11:33): அப்பா, அந்த ரொட்டிக்கடைப் பையனைப் பற்றி இவளுக்குச் சொல்லவே இல்லையே.

பாட்டா (11:47): சொல்கிறேன். நான் பர்வானியாவில் குப்பூஸ் போடுகிற கடையில் வேலை பார்த்தேன். படை வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஈராக் சிப்பாய்கள் ரொட்டிக்கு வந்து நின்றார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவனுக்கு பூட்ஸில் நாடா இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தான். சூடான ரொட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே பிய்த்துத் தின்றான். பஸ்ரா பக்கம் ஏதோ கிராமம். 1983இல் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஈரான் போர் முடிந்து இரண்டு வருஷம் ஆகியும் விடவில்லை.

அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த நாட்டில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் துப்பாக்கியோடு இருந்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் வேலை எங்கே, சம்பளம் எங்கே? எட்டு வருஷம் எதற்காகச் செத்தோம் என்று கேட்பார்கள். சும்மா வைத்திருந்தாலும் சதாமுக்கு ஆபத்து. அவர்களுக்கு ஒரு வேலை வேண்டும், சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி வேண்டும். மக்களே, செமினாரில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே. கடன், விலை, துறைமுகம் எல்லாம் உண்மை. ஆனால் பேச்சில் தீர்ந்திருக்கக்கூடிய அதையெல்லாம் படையெடுப்பாக மாற்றியது, தன் நாற்காலியைப் பற்றி அந்த ஒருவருக்கு இருந்த பயம்.

அத்தான் (11:50): நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை பாட்டா.

அம்மா (11:55): ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் கடிதம் கிடையாது, போன் கிடையாது. எங்கள் அம்மா ரேடியோவை அடுப்படியிலேயே வைத்திருந்தார்கள். செய்தி வரும் நேரத்தில் நாங்கள் பாத்திரத்தைக்கூட அசைக்க மாட்டோம்.

பாட்டா (12:04): பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம். அப்புறம் அம்மானிலிருந்து விமானம். ஏர் இந்தியா 488 முறை பறந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்தது, அதில் நானும் ஒருவன். அக்டோபர் முதல் வாரம் பம்பாயில் இறங்கினேன். கையில் இருந்தது இதுதான்.

பாட்டா (12:05): (படம்)

நான் (12:07): நோட்டு நடு மடிப்பில் கிழிந்திருக்கிறதே. பத்து தினாரா?

பாட்டா (12:10): ஆமாம். குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒன்றுக்கு ஒன்று என்று உத்தரவு போட்டார்கள். ஈராக் தினாருக்கு வெளிச்சந்தையில் அதில் கால் பங்குகூட மதிப்பு இல்லை. பிறகு குவைத் நோட்டே செல்லாது என்றார்கள். நாலு வருஷச் சம்பாத்தியம். செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா, குவைத் (12:22): இப்போதுதான் பார்த்தேன். ஒரு கணக்கு சேர்த்துக்கொள் மக்களே. ஐ.நா. அமைத்த இழப்பீட்டு ஆணையம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து 5,240 கோடி டாலர் வசூலித்துக் கொடுத்தது. கடைசித் தவணை 2022இல்தான் கட்டி முடிந்தது. குவைத்துக்குக் கொடுக்க வேண்டிய 1,400 கோடியை இதற்குப் பக்கத்தில் எழுதிக் காட்டு. அப்பாவைப் போல் திரும்பிய வேலைக்காரர்களுக்கும் அதில்தான் பணம் வந்தது. நம் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்டது அந்தப் பணத்தில்.

நான் (12:25): எழுதிக்கொண்டேன் மாமா. பாட்டா, அந்தச் சிப்பாய் உங்களிடம் வேறு என்ன பேசினார்?

பாட்டா (12:31): இந்தியாக்காரர்களை விமானத்தில் அனுப்பப் போகிறார்களாமே, உண்மையா என்று கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன். காசு எடுத்து நீட்டினான். வாங்கவில்லை. இன்னும் இரண்டு ரொட்டி வைத்துக் கொடுத்தேன்.